வீட்டு பீருக்கு ஏற்ற கேஸ் அடுப்பு: வாங்குவது, பொருத்துவது, திருத்துவது

முதன்முதலாக 19 லிட்டர் கோதுமை பீர் காய்ச்சிய அன்று, பானையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு அடிப்பிடித்துவிட்டது. நொதிக்க வைத்து, புட்டியில் அடைத்து, மூன்று வாரம் காத்திருந்து திறந்தபோதும் அந்தத் தீய்ந்த வாடை போகவில்லை. பால் அடிப்பிடித்தால் பாயசம் முழுக்க நாறுமே, அப்படி. மால்ட்டிலும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஹாப்ஸிலும் (கசப்புக்குச் சேர்க்கும் பூ) ஈஸ்ட்டிலும் குறையில்லை. அடுப்புதான் காரணம். பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த பெரிய எண்ணைப் பார்த்து வாங்கியது அது. நடுவில் ஒரே முனையாகச் சீறும். கொஞ்சம் குறைத்தால் அணைந்துவிடும்.

அதன்பின் சில அடுப்புகளை வாங்கியும் பிரித்தும் திருத்தியும் பார்த்துவிட்டேன். பீர் காய்ச்ச அடுப்பு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அது எவ்வளவு அடங்கி எரியும் என்பதை. எவ்வளவு பெரிதாக எரியும் என்பது அதற்குப் பிறகுதான்.

நான் எழுதுவது அமெரிக்காவில் கிடைக்கும் அடுப்பு, சிலிண்டர், பொருத்திகளை வைத்து. இங்கே வீட்டில் பீர் காய்ச்ச வழிவிட்ட சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டார். வயது வந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன், விற்கக் கூடாது என்பது அதன் வரம்பு. மாநிலங்களில் கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல் அனுமதித்தன. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி வீட்டில் பீர் செய்வது குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் இதைச் செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று: இது பீருக்கான அடுப்பு மட்டுமே. உரிமமின்றிச் சாராயம் வடிப்பது இங்கும் சட்டவிரோதம், அதன் ஆவி திறந்த தீயில் பற்றிக்கொள்ளும்.

படி 1: உங்களுக்கு எவ்வளவு சூடு வேண்டும்?

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். 5 கேலன், அதாவது 19 லிட்டர் பீருக்குக் கொதி தொடங்கும்போது பானையில் சுமார் 25 லிட்டர் வொர்ட் இருக்கும். வொர்ட் என்பது ஊறிய மால்ட்டிலிருந்து வடித்த இனிப்புச் சாறு. மால்ட் ஊறல் முடிந்து பானைக்கு வரும்போது அதன் சூடு 65 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதை 100 டிகிரிக்குக் கொண்டுபோக, 25 லிட்டர் × 4.186 × 35 டிகிரி, சுமார் 3,660 கிலோஜூல் வேண்டும்.

அமெரிக்காவில் அடுப்பின் வலிமையை மணிக்கு இத்தனை பி.டி.யு. என்று எழுதுவார்கள். 3,412 பி.டி.யு. என்றால் ஒரு கிலோவாட். 55,000 பி.டி.யு. அடுப்பு 16 கிலோவாட் தரும். வெட்டவெளியில் எரியும் அடுப்பின் சூடு பாதிகூடப் பானைக்குள் போவதில்லை. 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பானைக்குக் கிடைப்பது 6.4 கிலோவாட். 25 லிட்டர் கொதிக்க ஒன்பதரை நிமிடம்.

இப்போது 2,00,000 பி.டி.யு. அடுப்பைப் பாருங்கள். 59 கிலோவாட். முழு வேகத்தில் எரியும்போது தீ பானையின் ஓரங்களைத் தாண்டி மேலே ஓடிவிடுவதால் பயன் 30 சதவீதமாகக் குறைகிறது என்று கொள்வோம். பானைக்குக் கிடைப்பது 17.6 கிலோவாட், கொதிக்க மூன்றரை நிமிடம். மிச்சமாவது ஆறு நிமிடம். அந்த வேகத்தில் எரித்தால் 20 பவுண்டு (சுமார் 9 கிலோ) சிலிண்டர் இரண்டே மணி நேரத்தில் காலியாகும்.

கொதி வந்த பிறகு தேவை இன்னும் குறைவு. ஒரு மணி நேரத்தில் 4 லிட்டர் ஆவியாக வேண்டுமென்றால் பானைக்குள் போக வேண்டியது 2.5 கிலோவாட். விரயத்தையும் சேர்த்து 6 கிலோவாட், அதாவது 20,000 பி.டி.யு. சொச்சம். பீர் காய்ச்சும் நாளில் அடுப்பு அதிக நேரம் நிற்பது இந்த நிலையில்தான். 60 நிமிடம், பில்ஸ்னர் என்ற வெளிர் மால்ட் என்றால் பலர் 90 நிமிடம் கொதிக்க விடுவார்கள். டைமெத்தில் சல்ஃபைடு என்ற வேகவைத்த சோள வாடை ஆவியோடு வெளியேற வேண்டும் என்பதற்காக. இந்தச் சிறு தீயில் அணையாமல், மஞ்சளாகாமல், காற்றுக்கு நடுங்காமல் எரிகிறதா என்பதே நல்ல அடுப்புக்கு நான் வைக்கும் சோதனை.

5 கேலனுக்கு 50,000 முதல் 70,000 பி.டி.யு. தாராளம். 10 கேலனுக்கு 1,00,000 பக்கம் பாருங்கள். அதற்கு மேல் தேவைப்படுவது 15 கேலனும் அதைவிடப் பெரிய பானையும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

படி 2: பர்னரின் வடிவம்

ஒற்றை ஜெட் பர்னர், அதாவது வாயு ஒரே சிறு துளை முனை வழியாகச் சீறும் வகை, மலிவானது. தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி நவிலல் நாளில் வான்கோழியை எண்ணெயில் பொரிக்க விற்கும் அடுப்புகளில் பெரும்பாலும் இதுவே இருக்கும். தீ நடுவில் ஈட்டி போல ஏறி ஒரே இடத்தைத் தாக்கும். எண்ணெய்க்கு அது பரவாயில்லை. கோதுமையின் புரதமும் மால்ட் துகளும் அடியில் படியும் வொர்ட்டுக்கு, அதுவும் மெல்லிய ஸ்டீல் பானையில், இது ஆபத்து. சத்தமும் அதிகம், பழைய பம்ப் ஸ்டவ்வின் இரைச்சலைப் பத்து மடங்காக்கினால் எப்படியோ அப்படி.

இந்த வான்கோழி அடுப்புகள் பலவற்றில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தாவிட்டால் வாயுவை நிறுத்திவிடும் டைமர் இருக்கும். எண்ணெய் தீப்பிடிக்காமல் காக்க வைத்தது. ஒரு மணி நேரக் கொதியில் அது எரிச்சலூட்டும் என்பது உண்மை. அதற்காக அதைக் கழற்றி நேர்க்குழாய் போடுவதை நான் ஏற்க மாட்டேன். டைமர் இல்லாமலே வடிவமைத்த அடுப்பை வாங்குங்கள்.

பாஞ்ஜோ பர்னர் என்பது 10 அங்குல வட்டமான வார்ப்பிரும்பு. நீண்ட கழுத்தும் தட்டையான வட்டமுமாக பாஞ்ஜோ என்ற நரம்பிசைக் கருவியைப் போலிருக்கும். முகம் முழுக்கச் சிறு துளைகள். தீ அகலமாகப் பரவும், சத்தம் குறைவு, சிறு தீயிலும் நிற்கும். பாயூ கிளாசிக் நிறுவனத்தின் கேஏபி4 போன்ற அடுப்புகளில் இருப்பது இந்த வகை. 10 கேலன் காய்ச்சுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு குறை: 12 அங்குலத்துக்குக் குறைந்த பானையை இதன்மேல் வைத்தால் வெளி வட்டத்துத் தீ பானையின் பக்கவாட்டில் ஏறி வால்வையும் வெப்பமானியையும் கருக்கும்.

ஆறு அங்குல அளவிலான சிறிய வார்ப்பிரும்பு பர்னர்கள் 5 கேலன் பானைக்கு அளவாகப் பொருந்தும். வளையங்களாக அமைந்த பர்னர்களும் உண்டு. இரண்டு, மூன்று வளையங்களுக்குத் தனித்தனி வால்வு இருக்கும். கொதி வரும்வரை எல்லா வளையமும், பிறகு உள்வளையம் மட்டும் என்று எரிக்கலாம். ஆஸ்திரேலியாவில் பீர் காய்ச்சுபவர்களிடம் இந்த வகைக்கு நல்ல மதிப்பு.

படி 3: ரெகுலேட்டர், டியூப், சிலிண்டர்

இங்கேதான் பலர் குழம்பித் தவறு செய்கிறார்கள். குறைந்த அழுத்த ரெகுலேட்டர் வாயுவை 11 அங்குல நீர் அழுத்தத்தில், சுமார் 0.4 பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) விடும். நம் ஊர்ச் சமையலறை ரெகுலேட்டரும் ஏறக்குறைய இதே அழுத்தம்தான். உயர் அழுத்த ரெகுலேட்டர்களில் 10, 20, 30 பி.எஸ்.ஐ. வரை திருகிக் கூட்டலாம். பர்னரும் ரெகுலேட்டரும் சோடி. ஒரே ஜெட் துளை வழியாகப் போகும் வாயுவின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 0.4 பி.எஸ்.ஐ.க்கு என்று துளையிட்ட பர்னரில் 5 பி.எஸ்.ஐ. ரெகுலேட்டரை மாட்டினால் மூன்றரை மடங்கு வாயு பாயும். அத்தனைக்கும் காற்று கிடைக்காமல் ஆளுயர மஞ்சள் தீ எழும். குறிப்பேட்டில் என்ன அழுத்தம் சொல்லியிருக்கிறதோ அதைத் தாண்டாதீர்கள்.

டியூப் அந்த அழுத்தத்துக்கு என்று முத்திரை பெற்றதாக, முடிந்தால் மேலே ஸ்டீல் பின்னியதாக இருக்கட்டும். தண்ணீர் டியூபோ காற்று டியூபோ ஒருபோதும் கூடாது. அடுப்புக்கும் சிலிண்டருக்கும் இடையே டியூப் எட்டும் வரை இடைவெளி விடுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் சிலிண்டர் நிற்க வேண்டும்.

சிலிண்டர் வால்வைத் திறப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. இங்குள்ள புதிய வகை இணைப்புகளில், டியூப் அறுந்தால் வாயுவைத் தடுக்கும் அமைப்பு உள்ளே இருக்கிறது. வால்வை வெடுக்கென்று திறந்தாலோ, பர்னர் வால்வு திறந்திருக்கும்போது திறந்தாலோ, டியூப் அறுந்ததாகவே எண்ணி அது வாயுவை மட்டுப்படுத்திவிடும். தீ சோர்ந்து எரியும். அடுப்பு கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் மூடி, ஒரு நிமிடம் விட்டு, பர்னர் வால்வு மூடிய நிலையில் சிலிண்டரை மெல்லத் திறந்தால் சரியாகிவிடும்.

சிலிண்டரின் வெளியே உறைபனி படிவது அடுத்த புதிர். திரவமாக இருக்கும் புரொப்பேன் வாயுவாக மாறும்போது சூட்டை உறிஞ்சுகிறது. பெரிய தீயில் வேகமாக எடுத்தால் சிலிண்டர் குளிர்ந்து, உள்ளே அழுத்தம் விழுந்து, தீ தானாகச் சுருங்கும். பாதிக்கு மேல் தீர்ந்த சிலிண்டரில், பனிக்காலக் காலையில் இது நிச்சயம் நடக்கும். இதற்கு மருந்து தீயைக் குறைப்பது, அல்லது நிறைந்த சிலிண்டருக்கு, வேண்டுமானால் 40 பவுண்டு சிலிண்டருக்கு மாறுவது. எந்தக் காரணத்துக்காகவும் சிலிண்டருக்குச் சூடு காட்டாதீர்கள்.

தண்ணீர் சுடவைப்பது முதல் ஒரு மணி நேரக் கொதி வரை சேர்த்தால் 19 லிட்டர் பீருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான வாயு ஆகும். கணக்குப்படி 20 பவுண்டு சிலிண்டர் எட்டு முறை வர வேண்டும். எனக்கு ஐந்தாறு முறை வருகிறது. மீதியைக் காற்று கொண்டுபோகிறது.

படி 4: பொருத்துவதும் கசிவு பார்ப்பதும்

குழாய் மரைகளில் வாயுவுக்கான மஞ்சள் டெஃப்லான் நாடாவைச் சுற்றுங்கள். முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றினால் நாடாத் துணுக்கு உடைந்து ஜெட்டை அடைக்காது. கூம்பு முகம் வைத்த ஃப்ளேர் இணைப்புகளுக்கு நாடா வேண்டாம்; உலோகமும் உலோகமும் நேராகப் பதிந்தால்தான் அங்கே அடைப்பு கிடைக்கும். துத்தநாகம் பூசிய போல்ட்டோ குழாயோ தீக்கு அருகில் இருக்கக் கூடாது. சூட்டில் எழும் துத்தநாகப் புகை காய்ச்சலைத் தரும்.

பிறகு பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். பர்னர் வால்வை மூடி வைத்து, சிலிண்டரைத் திறந்து, ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். குமிழி வந்தால் மூடி, இறுக்கி, மறுபடி பாருங்கள். எதையாவது கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறேன். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்திலும் நிலவறைப் படியிலும் தேங்கும்.

அடுப்பு வெளியில்தான் எரிய வேண்டும். கதவு திறந்த கராஜ் வெளி ஆகாது. தீயிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தலைவலி தொடங்கும்போதே உடல் தளர்ந்திருக்கும்.

படி 5: சுடரைத் திருத்துவது

நீங்கள் செய்யும் எல்லா மாற்றத்திலும் அதிகப் பலன் தருவது இதுதான், காசும் ஆகாது. பர்னரின் கழுத்தில், ஜெட் நுழையும் இடத்தில், சுழலும் தகடு ஒன்று இருக்கும். காற்றுத் தகடு என்று சொல்வோம். ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய 24 பங்கு காற்று தேவை. அதில் ஒரு பகுதியை ஜெட்டின் வேகமே இந்தத் தகட்டின் திறப்பு வழியாக இழுத்துக்கொள்கிறது.

மாலை மங்கலில் செய்தால் சுடரின் நிறம் தெளிவாகத் தெரியும். பானை இல்லாமல் பற்றவைத்து, நடுத்தரத் தீயில் ஐந்து நிமிடம் வார்ப்பிரும்பு சூடாகட்டும். புதுப் பர்னரின் பெயின்ட் முதல் முறை புகைந்து தீரும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சுடர் மஞ்சளாக, சோம்பலாக ஆடினால் காற்று போதவில்லை. தகட்டைச் சிறிது சிறிதாகத் திறங்கள். தகடு சுடும், கையுறை வேண்டும். உள்ளே கூர்மையான நீலக் கூம்பும் வெளியே மெல்லிய நீலமும் வந்தால் நிறுத்துங்கள். மேலும் திறந்தால் சுடர் துளையை விட்டு எழும்பி நிற்கும், சீறும், அணையப் பார்க்கும். அப்போது கொஞ்சம் மூடுங்கள். நுனியில் எப்போதாவது ஆரஞ்சுப் பொறி தெரிவது தூசியால். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கடைசியாக, தீயைக் கொதி நிலைக்குக் குறைத்து மறுபடி பாருங்கள். பெரிய தீயில் அழகாக எரிந்தது சிறு தீயில் பின்வாங்கி ஜெட்டருகே ‘டப்’ என்று பற்றினால் உடனே வால்வை மூடுங்கள். ஆறியபின் காற்றைச் சற்றுக் குறைத்து மறுபடி முயலலாம். இரண்டு எல்லைக்கும் இடையே தகடு நிற்கும் இடத்தில் ஒரு கீறல் போட்டு வைக்கிறேன்.

பானையின் அடியில் கரி பிடிப்பதும் இதனோடு சேர்ந்ததே. கரி என்றால் வாயு முழுதாக எரியவில்லை, கார்பன் மோனாக்சைடும் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தகடு சரியாக இருந்தும் கரி பிடித்தால் பானை தீக்கு மிக அருகில் இருக்கிறது. நீலக் கூம்பின் நுனி குளிர்ந்த பானையைத் தொட்டால் எரிப்பு பாதியில் நின்றுபோகும். பாஞ்ஜோ பர்னருக்கு 4 அங்குலம் அளவில் தொடங்கி, ஒரு அங்குலம் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

படி 6: செய்யத் தகுந்த மாற்றங்கள்

ஊசி வால்வு. ரெகுலேட்டரைத் திருகித் தீயைக் குறைப்பது முரடானது. கால் திருப்பில் அணைந்துவிடும். பர்னருக்கு முன்னால், அதே அழுத்தத்துக்கு உரிய பித்தளை ஊசி வால்வு ஒன்றைப் பொருத்தினால் தீ விரல் நுனிக்கு வந்துவிடும். வொர்ட் முதல் கொதிக்கு வரும் கணத்தில் புரதம் நுரையாகத் திரண்டு பொங்கும். பொங்கல் பானையைப் போல வழிய விடுவதற்கில்லை. பிசுபிசுத்த சாறு பர்னரின் துளைகளை அடைத்துவிடும். அந்த அரை நிமிடத்துக்காகவே இந்த வால்வு.

காற்று மறைப்பு. ஸ்டாண்டின் மூன்று பக்கமும் ஸ்டீல் தகடு கட்டுங்கள். நான்காவது பக்கத்தையும், தகட்டுக்கும் பானைக்கும் இடையில் ஒரு அங்குலத்தையும், அடியில் காற்று நுழைய இடத்தையும் விடுங்கள். முழுதாக மூடினால் தீ மூச்சுமுட்டும், டியூபும் ரெகுலேட்டரும் சூடேறும். காற்றடிக்கும் நாளில் இந்தத் தகடுகள் மிச்சப்படுத்தும் வாயு கண்ணுக்கே தெரியும். பானையின் வால்வுப் பக்கத்தில் மட்டும் ஒரு சிறு தகட்டை வளைத்துத் தொங்கவிட்டால் பிடியும் ரப்பர் வளையமும் பிழைக்கும்.

ஸ்டாண்ட். 25 லிட்டர் வொர்ட்டும் பானையும் சேர்ந்து 30 கிலோவைத் தாண்டும், கொதிநிலையில். கால்கள் அகன்று, உயரம் குறைந்து, தரை சமமாக இருக்க வேண்டும். கால்களை நீட்ட நினைப்பவர்கள் போல்ட்டில் அல்ல, வெல்டிங்கில் செய்யுங்கள். அதன்மேல் தண்ணீர் நிறைந்த பானையை வைத்து உலுக்கிப் பார்த்த பிறகே தீ.

இயற்கை எரிவாயுவுக்கு மாற்றுவது. வீட்டுக் குழாயில் வரும் வாயு தீராது, உறையாது. ஆசை வருவது இயல்பு. கணக்கு இப்படி: ஒரு கன அடி புரொப்பேனில் சுமார் 2,500 பி.டி.யு., இயற்கை எரிவாயுவில் 1,030 அளவில். குழாய் அழுத்தமோ பெரும்பாலும் 7 அங்குல நீர் மட்டுமே. 5 பி.எஸ்.ஐ. புரொப்பேனில் எரிந்த பர்னரில் அதே சூடு வேண்டுமானால் ஜெட் துளையின் பரப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு, விட்டம் இரண்டரை மடங்குக்கு மேல் ஆக வேண்டும். 1.2 மில்லிமீட்டர் துளை 3 மில்லிமீட்டரைத் தாண்டும். வேகம் குறைந்த வாயு காற்றையும் குறைவாகவே இழுக்கும் என்பதால் ஒற்றை ஜெட் பர்னர்கள் இதற்கு ஒத்துவராது. பாஞ்ஜோ ஓரளவு ஒத்துவரும். பல முனைகள் கொண்ட, இயற்கை எரிவாயுவுக்கே செய்த பர்னர் நன்றாக எரியும். துளையைத் துரப்பணத்தால் நீங்களே பெரிதாக்காதீர்கள், பெரிதான துளையைச் சுருக்க முடியாது. உற்பத்தியாளர் தரும் மாற்று ஜெட் வாங்குங்கள். சுவரிலிருந்து குழாய் இழுக்கும் வேலையை உரிமம் பெற்றவரிடம் விடுங்கள். மாற்றிய பர்னரில் புரொப்பேனை மறுபடி இணைக்கவே கூடாது. பெரிய துளையில் அது கட்டுக்கடங்காது. என் நண்பர் வீட்டில் மாற்றிய அடுப்பின் காலில் சிவப்புப் பெயின்டால் எழுதியே வைத்திருக்கிறோம்.

காய்ச்சும் நாளில்

மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பாகு சேர்ப்பவர்கள் தீயை முழுதாக அணைத்துவிட்டு ஊற்றுங்கள். பாகு கனமானது, நேராக அடிக்குப் போய் உட்காரும். முழுக்கக் கரைந்தது கரண்டியில் தெரிந்த பிறகு பற்றவையுங்கள். கோதுமையோ ஓட்ஸோ கலந்திருந்தால் கொதி வரும்வரை அடியைத் துழாவிக்கொண்டே, நடுத்தரத் தீயில் ஏற்றுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகட்டும்.

மூடியைப் போடாதீர்கள். கொதி என்பது மேற்பரப்பு உருண்டு புரள்வது. தெறித்துக் குதிப்பது வேண்டாம்.

முடிந்ததும் முதலில் சிலிண்டரை மூடி, டியூபில் உள்ளது எரிந்து தீர்ந்த பிறகு பர்னர் வால்வை மூடுங்கள். ஆறியபின் பர்னரைக் கவிழ்த்துத் தட்டி, துளைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஒரு துணியில் சமையல் எண்ணெய் தொட்டுத் தடவினால் வார்ப்பிரும்பு துருப்பிடிக்காது. தோசைக் கல்லுக்குச் செய்வதேதான். கழுத்தின் திறப்பை ஒரு துணியால் கட்டி வையுங்கள். குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த பர்னரின் கழுத்தில் சிலந்தி கூடு கட்டும், வெளியிலிருந்து தெரியாது. அந்தக் கூடு காற்றை மறித்தால் தீ பர்னரின் முகத்தை விட்டுத் தகட்டின் வழியே பின்னால் வரும். வசந்தத்தில் முதல் பானை ஏற்றும் முன், நீண்ட பாட்டில் தூரிகையைக் கழுத்துக்குள் விட்டு ஒருமுறை சுழற்றி எடுங்கள்.